பழைய இரும்புக்குப் போக இருந்த ஆப்டகான்

குழு: கோத்தகிரி வீடு

சுதா (குன்னூர்): [படம்]

சுதா (குன்னூர்): பெட்ஃபோர்டில் பெரியப்பாவின் சிநேகிதர் வீட்டைக் காலி செய்கிறார்கள், உதவிக்கு வந்திருக்கிறேன். பழைய இரும்புக்கடைக்குப் போகிற குவியலில் இது கிடந்தது. டேப் ரெக்கார்டர் மாதிரி இருக்கிறது, ஆனால் கேசட் போட இடத்தைக் காணோம். யாருக்காவது வேண்டுமா?

செல்வி சித்தி: வேண்டாம் தாயே. இருக்கிற குப்பைக்கே இடமில்லை

பெரியப்பா: நீ படம் போட்டால் என் போன் "படம்" என்று மட்டும்தான் சொல்கிறது. என்ன பொருள் என்று எழுது சுதா.

சுதா (குன்னூர்): சாரி பெரியப்பா. கறுப்பு உறை, தோளில் மாட்ட வார். உள்ளே ஒரு பெட்டி. ஒரு பக்கத்தில் கையை நுழைக்கிற இடம், அதற்குள் ஒரு விரல் படுக்கிற பள்ளம், பள்ளம் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டைகள். ஒயரில் ஒரு குட்டி டப்பா தொங்குகிறது, அதன் அடியில் கண்ணாடியும் உருளையும்.

பெரியப்பா: அது ஆப்டகான், கண் தெரியாதவர்கள் அச்செழுத்தை விரலால் தடவிப் படிக்கிற மெஷின், என்னிடம் இருப்பது மாதிரி. கீழே வைக்காதே. இரும்புக்கடைக்காரன் வந்தால் அது நம்முடையது என்று சொல்லிவிடு.

பாலு (கோவை): அடடா!! சுதா, ஆன் மட்டும் பண்ணிப் பார்க்காதே. பேட்டரி இருக்கும் மூடியைத் திற, வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று சொல். பூத்திருந்தால் வெறும் கையால் தொடாதே, அது நிக்கல் காட்மியம் பேட்டரி.

சுதா (குன்னூர்): பூத்திருக்கிறது. நிறைய.

பாலு (கோவை): கையுறை போட்டுக்கொண்டு பேட்டரியைக் கழற்றித் தனிக் கவரில் வை. கசிந்தது போர்டு வரை போயிருந்தால் தடம் அரித்திருக்கும், அதை ஒயர் போட்டு ஒட்டிவிடலாம். சார்ஜர் கிடைத்தால் அதில் எத்தனை வோல்ட் என்று படி, அமெரிக்க சார்ஜராக இருந்தால் நம் 230ல் சொருகிய நொடியே புகைதான்.

குமரன்: பெரியப்பா, ஒரு டவுட். உங்கள் போனே எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறதே, இது எதற்கு?

செல்வி சித்தி: நானும் இதைத்தான் வருஷக்கணக்காகக் கேட்கிறேன்

பெரியப்பா: போன் படிப்பதில்லை குமரா, படித்துவிட்டு எனக்குச் சொல்கிறது. ரெண்டும் வேறு. ஆப்டகானில் அந்தக் குட்டி கேமராவை வலது கையால் வரியின் மேல் உருட்டிக்கொண்டு போவேன், இடது ஆள்காட்டி விரல் பள்ளத்தில் இருக்கும், தாளில் எங்கே மை இருக்கிறதோ அங்கே உள்ள ஊசிகள் மட்டும் அதிரும். 'ழ' வந்தால் ழவின் வடிவம் விரலுக்கடியில் நகர்ந்து போகும், வால் கடைசியில் வந்து இடிக்கும். என்ன மொழி என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தமிழானாலும் கணக்கானாலும் யாரோ பேனாவால் கிறுக்கிய படமானாலும் தாளில் இருப்பது அப்படியே வரும். வேகம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன், நிமிஷத்துக்கு நாற்பது ஐம்பது வார்த்தை போனால் பெரிய விஷயம். கதைப் புத்தகத்துக்கு நானும் போனைத்தான் வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: இலைச்சீட்டு விஷயம் உனக்குத் தெரியாது, நீ அப்போது சின்னப் பையன். நம் தோட்டத்துப் பச்சை இலையை எடை போட்டு ஏஜென்ட் கையால் எழுதிக் கொடுக்கிற சீட்டு. போனில் காட்டினால் ஒரு தடவை 84 என்றது, இன்னொரு தடவை 64 என்றது, அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. ஆப்டகானை வைத்துப் பார்த்தேன். 8ன் மேல் வட்டத்தில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நெருக்கி 6 போட்டிருந்தது. அடித்து எழுதியிருக்கிறான் என்பது என் விரலுக்குத் தெரிந்தது. போய்க் கேட்டேன், மறு பேச்சில்லாமல் இருபது கிலோவுக்குக் காசு வந்தது.

குமரன்: செம!

அத்தை (ஊட்டி): அண்ணன் அன்றைக்குப் பேசின பேச்சு இங்கே ஊட்டி வரைக்கும் கேட்டது

குமரன்: இவ்வளவு நல்ல மெஷினை ஏன் நிறுத்தினார்கள்?

பாலு (கோவை): ஸ்கேனரும் பேசுகிற மென்பொருளும் வந்த பிறகு வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 1971ல் விற்பனைக்கு வந்தது, டெலிசென்சரி என்ற கம்பெனி, 1996ல் தயாரிப்பை நிறுத்தியது. விலையும் யானை விலை, பழகுவதற்கும் ஆள் வைத்துப் பயிற்சி வேண்டும். வியாபாரக் கணக்கில் அவர்கள் செய்தது புரிகிறது. ஆனால் பேசுகிற மெஷின் செய்வது வேறு வேலை, இது செய்வது வேறு வேலை, அந்த இடத்துக்கு அப்புறம் இவ்வளவு பரவலாக வேறொன்று வரவில்லை. கையில் வைத்திருந்தவர்கள்தான் உலகம் முழுக்க ஒருவரையொருவர் தேடிப்பிடித்து, செத்த மெஷினை வாங்கிப் பிரித்து, உதிரி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: செய்தவரும் கம்பெனிக்காகச் செய்யவில்லை. ஸ்டான்ஃபோர்டு புரொஃபசர் ஜான் லின்வில், அவர் மகள் கேண்டிக்கு சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. ஜெர்மனியில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஊசி ஊசியாகக் குத்தி அச்சடிக்கிற பிரின்டரைப் பார்த்தாராம், இதன் மேல் விரலை வைத்தால் எழுத்துத் தெரியாதா என்று தோன்றியிருக்கிறது. அந்தப் பெண் இதை வைத்தே படித்து மனநல நிபுணர் ஆனார்.

பாலு (கோவை): சுதா, ஒரு முக்கியமான வேலை. பள்ளத்தில் ஓட்டை அகலவாக்கில் எத்தனை என்று எண்ணு. 6 என்றால் பழைய மாடல், 24 வரிசை, மொத்தம் 144 ஊசி, பெரியப்பாவுடையது அதுதான். 5 என்றால் கேனன் கம்பெனியோடு சேர்ந்து செய்த ஆப்டகான் 2, அதில் 100தான், நம் மெஷினுக்குப் பொருந்தாது.

சுதா (குன்னூர்): இருங்கள், டார்ச் எடுக்கிறேன்

சுதா (குன்னூர்): 6. ரெண்டு தரம் எண்ணிவிட்டேன்.

பாலு (கோவை): சூப்பர். பெரியப்பா, உங்கள் மெஷினில் மூன்றாவது பத்தியில் கீழே ஊசிகள் வேலை செய்யவில்லை அல்லவா, ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் மின்சாரம் பட்டால் வளைகிற பீசோ தகடு ஒன்று இருக்கிறது, இதிலிருந்து எடுத்து அங்கே மாற்றிவிடலாம். கேமராவுக்குள் கண் மாதிரி எழுத்தைப் பார்க்கிற ரெட்டினா சிப்பும் ஒன்று கையில் இருக்கும். அது இதற்கென்றே செய்த சிப், எந்தக் கடையிலும் கிடைக்காது.

பெரியப்பா: அவசரப்படாதே. முதலில் அது ஓடுமா பார். ஓடினால் ஒரு ஊசியைக்கூடப் பிடுங்க விடமாட்டேன்.

பாலு (கோவை): உங்கள் மெஷினுக்காகத்தானே சொல்கிறேன்!

பெரியப்பா: தெரியும்டா. எனக்கு நாலு ஊசி இல்லாமலே பழகிவிட்டது, 'ண'வா 'ன'வா என்று சில சமயம் திரும்ப ஒரு தடவை உருட்டுவேன், அவ்வளவுதான். ஓடுகிற மெஷினை உதிரிக்காகப் பிரித்தால் ஒன்று குறைந்துவிடும். கோவையிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள், கல்லூரியில் கணிதம் படிக்கிறாள், குறியீடுகள் மேலும் கீழும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று யாரும் சரியாகச் சொல்வதில்லையாம். அவள் இங்கே வந்து ரெண்டு வாரம் உட்காரட்டும், கற்றுத் தருகிறேன். கற்றுத் தர ஆள் இல்லாமல் மெஷினை மட்டும் காப்பாற்றி என்ன பண்ணுவது.

செல்வி சித்தி: ரெண்டு வாரம் வந்து உட்கார்ந்தால் சமையல் யார்? சொல்லுங்கள் பார்ப்போம். வரட்டும், வரட்டும்

பாலு (கோவை): சரி, ஓட வைக்கவே பார்க்கிறேன். சுதா, லென்ஸைக் கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்துவிடாதே. நம் மலை ஈரத்துக்குக் கட்டாயம் பூஞ்சை பிடித்திருக்கும், தேய்த்தால் கோடு விழும்.

அத்தை (ஊட்டி): இங்கே சேரிங் கிராஸ் பக்கம் பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேமரா லென்ஸில் பூஞ்சை எடுத்துத் தருவார். கேட்டுப் பார்க்கிறேன்

பெரியப்பா: சுதா, அந்தக் குவியலில் கேசட் இருக்கிறதா பார். பயிற்சிப் பாடம் கேசட்டில்தான் வந்தது. புத்தகமும் இருக்கும், ஸ்பைரல் போட்டது.

சுதா (குன்னூர்): புத்தகம் இருக்கிறது, கரையான் அரிக்கவில்லை. கேசட் 3 இருக்கிறது, டப்பாவில் 4க்கு இடம் இருக்கிறது. அவர் மகனிடம் சொன்னேன், மேலே பரணில் தேடுகிறார்.

குமரன்: புத்தகத்தை நான் ஸ்கேன் பண்ணித் தருகிறேன் பெரியப்பா. கேசட்டை எம்பி3 ஆக்கிவிடலாம்.

பெரியப்பா: ஆக்கு. அந்தப் பெண்ணுக்கு அனுப்பலாம். சுதா, அவர் காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடு, நான் தருகிறேன். பஸ்ஸில் மேலே கேரியரில் போடாதே, மடியில் வைத்துக்கொண்டு வா.

சுதா (குன்னூர்): காசெல்லாம் வேண்டாம் என்கிறார். அப்பா இதில் எப்படிப் படிப்பார் என்று ஒரு தடவை பார்க்க வேண்டுமாம், அவர் எங்கேயோ ஹாஸ்டலில் இருந்ததால் பார்த்ததே இல்லையாம். நாளை காலை காரிலேயே கோத்தகிரி வழியாகப் போகிறேன் என்கிறார், வரலாமா?

பெரியப்பா: வரச் சொல். செல்வி, ஒன்பது மணிக்கு மூன்று பேருக்கு டிபன்.

செல்வி சித்தி: ஒன்பதரை ஆகும். மாவு இன்னும் பொங்கவில்லை, இந்தக் குளிரில்