காய்ச்சலில் பிட்ஸ் வந்த 11 மாதக் குழந்தை: மறுபடி வந்தால் வீட்டில் என்ன செய்வது?

மன்னைக்காரன்:

வணக்கம். என் பையனுக்கு 11 மாதம், எடை 9 கிலோ. போன வியாழக்கிழமை சாயங்காலம் வரை நன்றாகத் தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தான், லேசாக மூக்கு ஒழுகல் மட்டும்தான் இருந்தது. ராத்திரி பால் கொடுக்கத் தூக்கும்போது உடம்பு கொதிக்கிறது என்று மனைவி சொன்னாள், தெர்மாமீட்டரைத் தேடி எடுப்பதற்குள் கண் மேலே சொருகி, பல் கிட்டி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. உதடு நீலம். கூப்பிட்டால் திரும்பவில்லை. பிள்ளை கையை விட்டுப் போய்விட்டான் என்றே நினைத்தேன்.

அம்மா பீரோ சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தார், பக்கத்து வீட்டு அத்தை வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைக்கச் சொன்னார், இன்னொருவர் வாயில் ஸ்பூன் வை, நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று கத்தினார். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்று, துவண்டு தூங்கிவிட்டான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், அங்கே பார்த்தபோது 103 டிகிரி. ஒரு நாள் வைத்திருந்து, காய்ச்சல் பிட்ஸ்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் கொடுக்கச் சொல்லி க்ளோபசாம் என்ற பிட்ஸ் தடுப்பு மருந்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் கேட்கலாம் என்றால் பின்னால் நிற்கிற வரிசை வாசல் வரை போகிறது.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாவி கொடுத்ததால்தான் நின்றது என்று அம்மா உறுதியாக இருக்கிறார். தஞ்சாவூர் கூட்டிப்போய் ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பார்க்கிற டெஸ்ட்), தலை ஸ்கேன் எல்லாம் எடுத்தே ஆக வேண்டும் என்கிறான் மச்சான். இனிமேல் தடுப்பூசியே போடாதீர்கள் என்கிறார் மாமியார். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: மறுபடி வந்தால் அந்த இரண்டு நிமிடம் நான் என்ன செய்ய வேண்டும்? இது பிற்காலத்தில் வலிப்பு நோயாக மாறுமா?

வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன், மழைக்காலம் வந்தால் இந்தக் கதையோடு வராத நாளே கிடையாது. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. உங்கள் பிள்ளைக்கு மட்டும் வந்த வினோதம் இல்லை. பெரும்பாலும் காய்ச்சல் ஆரம்பித்த முதல் நாளிலேயே வந்துவிடும், சில வீடுகளில் பிட்ஸ் வந்த பிறகுதான் உடம்பு சுடுவதே தெரியும்.

வந்தால் செய்ய வேண்டியது இதுதான். தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தரையில் பாயிலோ மெத்தையிலோ போட்டு ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், எச்சிலோ வாந்தியோ வந்தால் வெளியே வழியட்டும். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக எதுவும் இருந்தால் தளர்த்துங்கள், அரைஞாண் இருந்தால் இருக்கட்டும், அதைத் தேடி அவிழ்க்கிற நேரம் இது இல்லை. கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். அடுத்தது கடிகாரம். எப்போது ஆரம்பித்தது என்று பாருங்கள், ஏனென்றால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், எங்கள் டாக்டருக்கு நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அரை நிமிட வீடியோ உதவும்.

5 நிமிடத்தைத் தாண்டினால் 108. அதற்கு முன்பே நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், அதை நீங்கள் செய்துவிட்டீர்கள்.

வாயில் எதுவும் வைக்காதீர்கள். ஸ்பூன், விரல், தண்ணீர், பால், வெங்காயச் சாறு, சுட்ட வசம்பு, காய்ச்சல் மருந்து, எதுவுமே கூடாது. நாக்கை விழுங்கிவிடும் என்பது நடக்காத விஷயம். ஸ்பூனை நுழைத்துப் பல் உடைந்து வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், வாயில் ஊற்றிய சாறு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவோடு படுத்திருந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பிட்ஸ் ஒரு நாளோடு போய்விட்டது, நெஞ்சுச் சளிக்குத்தான் பல நாள் ஊசி. சில ஊரில் ஜன்னி என்று சொல்லி வயிற்றில் சூடு போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படி யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். இந்தப் பிட்ஸ் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அது நிற்பதற்கும் சரியாக இருக்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். கையில் சாவி இருப்பதால் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் அதைத் தேடுகிற நேரத்தில் பிள்ளை மல்லாந்து கிடக்கிறதே, அதுதான் ஆபத்து. சாய்த்துப் படுக்க வைக்கிற வேலையை அம்மாவுக்கே கொடுத்துவிடுங்கள், வீட்டில் சண்டை பாதியாகக் குறையும்.

நெல்லை அம்மா:

சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. என் மகளுக்கு ஒன்றரை வயதில் முதல் தடவை, அப்புறம் மூன்று வயதுவரை சில தடவை வந்தது. இப்போது நாலாம் வகுப்பு, வாய்ப்பாடு எனக்கே சொல்லித்தருகிறாள். எங்கள் டாக்டர் சொன்னது: ஒரு தடவை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மறுபடி வரும், முதல் பிட்ஸ் ஒரு வயதுக்கு முன்னால் என்றால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வரும். ஆகவே உங்களுக்கு மறுபடி வரலாம் என்று எடுத்துக்கொண்டு தயாராக இருங்கள், அதுதான் நிம்மதி.

க்ளோபசாம் கொடுத்தால் பிள்ளை தூங்கி வழியும், நடக்கிற பிள்ளை என்றால் தள்ளாடும், சில பிள்ளைக்கு எரிச்சல் வரும். அதைப் பார்த்து மூளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்று நாங்கள் ஒரு தடவை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், மருந்து வேலைதான் என்று சிரித்து அனுப்பினார்கள். எத்தனை நாள், எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எல்லாக் குழந்தைக்கும் இது தேவையில்லை என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு, அடுத்த தடவை போகும்போது என் பிள்ளைக்கு ஏன் எழுதினீர்கள் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று. உங்களுக்கோ மனைவிக்கோ சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் கேட்டபோதுதான், என் வீட்டுக்காரருக்கு நாலு வயது வரை வந்ததை மாமியார் மெதுவாகச் சொன்னார், கல்யாணத்தின்போது சொன்னால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைத்தார்களாம்! பாவம், மறைக்க அதில் என்ன இருக்கிறது. குடும்பத்தில் ஓடுகிற விஷயம் இது.

கோவை டிராவல்ஸ்:

மன்னிக்கவும், மற்றவர்கள் சொல்கிற மாதிரி அலட்சியமாக இருக்காதீங்க நண்பரே. தலை விஷயம். எம்ஆர்ஐ, ஈஈஜி ரெண்டும் எடுத்துப் பார்த்துட்டா நிம்மதி, காசு போனாப் போகுது.

பிஜி டாக்டர்:

கோவை சார், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இந்தக் குழந்தைக்கு இப்போது அதனால் பலன் இல்லை. முழு உடம்பும் இழுத்தது, 15 நிமிடத்துக்குள் நின்றது, 24 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை, முழித்த பிறகு பிள்ளை பழையபடி இருக்கிறது. இப்படி என்றால் சாதாரணக் காய்ச்சல் வலிப்பு, அதற்கு ஈஈஜியோ ஸ்கேனோ தேவையில்லை என்பதுதான் வழிகாட்டுதல். ஈஈஜியில் சின்னதாக ஏதாவது தெரிந்துவிட்டால், இல்லாத நோய்க்கு இரண்டு வருடம் மாத்திரை சாப்பிடுகிற நிலைமை வரும். எம்ஆர்ஐ எடுக்க இந்த வயதில் மயக்க மருந்து வேறு கொடுக்க வேண்டும். வலிப்பு நோயாக மாறுமா என்ற கேள்விக்கு: பொதுவாக எல்லாரிலும் 100க்கு 1 பேருக்கு வருகிற வாய்ப்பு இவர்களுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் போகும், அவ்வளவுதான். படிப்பு, புத்தி எதுவும் பாதிக்காது.

ஸ்கேனைவிட முக்கியம், காய்ச்சல் எதனால் என்று பார்ப்பது. பெரும்பாலும் சளி, வைரஸ். ஆனால் மூளைக்காய்ச்சலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு, மூளைக்காய்ச்சல் தரும் கிருமிகளைத் தடுக்கிற ஹிப், நிமோகாக்கல் ஊசிகள் விட்டுப்போயிருந்தால் முதுகுத் தண்டு நீர் எடுத்துப் பார்க்கலாமா என்று நாங்கள் யோசிப்போம். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுகிற ஊசியில் ஹிப்பும் இருக்கிறது, தமிழ்நாட்டில் அது 2011 டிசம்பரிலிருந்து இலவசமாகவே போடப்படுகிறது. ஆகவே உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், தடுப்பூசியை நிறுத்தினால்தான் பயம் கூடும். 9 மாத ஊசி போட்டாகிவிட்டது என்றால் அரசு அட்டவணைப்படி அடுத்த ஊசி 16 மாதத்துக்கு மேல் வரும், போடும்போது பிட்ஸ் வந்ததை நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். தட்டம்மை ஊசிக்குக் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூட வரும், அந்த நாட்களில் கவனம்.

இவற்றைப் பார்த்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்: ஒரே பக்கம் இழுத்தால், அன்றைக்கே மறுபடி வந்தால், நின்று ஒரு மணி நேரம் ஆகியும் சரியாக முழிக்காவிட்டால், உச்சிக்குழி புடைத்திருந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், அமுக்கினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருந்தால். காய்ச்சலே இல்லாமல் வந்தால் அது வேறு கதை, அப்போது கோவை சார் சொன்ன டெஸ்டுகள் கட்டாயம் வரும்.

மன்னைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் சாய்த்துப் படுக்க வைக்கிற வேலையைக் கொடுத்துவிட்டேன், தலையணையை வைத்து ஒத்திகையே பார்த்துவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். காய்ச்சல் ஆரம்பித்த உடனே பாராசிட்டமால் கொடுத்தால் பிட்ஸைத் தடுக்கலாமா? நேற்று லேசாக உடம்பு சூடாகிக் குளிரில் நடுங்கினான், அதுவும் பிட்ஸா?

வார்டு சிஸ்டர்:

நடுக்கம் வேறு தம்பி. நடுங்கும்போது பிள்ளை உங்களைப் பார்க்கும், அழும், கையைப் பிடித்தால் அந்தக் கை நின்றுவிடும். பிட்ஸ் என்றால் பிடித்தாலும் நிற்காது, கூப்பிட்டாலும் பார்க்காது.

பாராசிட்டமால் கொடுத்தால் பிள்ளைக்கு உடம்பு வலி குறையும், பால் குடிக்கும். பிட்ஸைத் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், தடுப்பதாக நிரூபணம் இல்லை. மணிக்கு ஒரு தடவை கொடுக்கிற வேலையும் வேண்டாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 9 கிலோவுக்கு 135 வருகிறது. இதில் ஒரு வம்பு இருக்கிறது, டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. டிராப்ஸை சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் ஒரே வாயில் 500 போய்விடும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் பாட்டிலைத் திருப்பி 1 மில்லிக்கு எவ்வளவு என்று படித்துவிட்டு, மில்லி போட்ட சிரிஞ்சில் எடுங்கள். ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும்.

உங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரி தூரம் என்றால் பிட்ஸை நிறுத்த மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே எழுதித் தருவீர்களா என்று டாக்டரைக் கேளுங்கள். 5 நிமிடம் தாண்டினால் அடிப்பதற்கு. எடைக்குத் தகுந்த மாதிரி எத்தனை அடி என்று அட்டையில் எழுதி வாங்கி, ஸ்ப்ரேயோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள், பிள்ளை எடை கூடினால் திரும்பக் கேளுங்கள். காலாவதி தேதியையும் பாருங்கள்.