ஓட்டிப் பார்ப்பதைக் கடைசியில் வையுங்கள்: பழைய டர்போ கார் தேடிய அனுபவம்

ஐந்து லட்சத்தை ஒட்டிப் புது கார் தேடினால் ஆல்ட்டோ கிடைக்கும். அதே காசுக்குப் பழைய வண்டிகளில் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட் லீனியா டி-ஜெட், 160 குதிரைத்திறன் கொண்ட ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ என்று டர்போ வண்டிகள், அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் சக்தியைக் கூட்டும் வண்டிகள், கண்ணில் படும். எனக்கும் என் நண்பர்களுக்கும் இந்த ஆசை தீராதது. கோவை, திருப்பூர், சென்னை என்று வண்டி பார்க்கப் போய்ப் போய் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: ஓட்டிப் பார்ப்பதுதான் கடைசி வேலை.

லாராவின் எஞ்சின் 1500 ஆர்பிஎம்மிலேயே 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் திறன்) தருகிறது. மூன்றாவது கியரில் ஒருமுறை மிதித்து, முதுகு சீட்டில் ஒட்டிவிட்டால் அப்புறம் எந்தக் குறையும் பெரிதாகத் தெரியாது. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "மொதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்ணா, அப்புறம் விலை பேசிக்கலாம்" என்றுதான் பேச்சே தொடங்கும். அந்தச் சாவியை வாங்காதீர்கள்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். திருப்பூரில் ஒரு லாராவைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். போய் பானெட்டில் கை வைத்தால் நல்ல சூடு. பால் வாங்கப் போய்விட்டு வந்தாராம். சரி, நாளைக்கு வருகிறோம் என்றோம். மறுநாள் அவர் போனை எடுக்கவே இல்லை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அந்த எஞ்சினில் டைமிங் செயின் இருக்கிறது; வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்க வைப்பது அதுதான். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. அது தளர்ந்திருந்தால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் கரகரவென்று சத்தம் வரும். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். சூடான எஞ்சினில் இது கேட்காமலே போகலாம். செயின் ஒரு பல் இரண்டு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதி, வண்டிக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி எஞ்சினுக்கே போய்விடும். லீனியாவின் 1.4 டி-ஜெட்டில் செயின் இல்லை, பெல்ட். அங்கே காதுக்கு வேலையில்லை. பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடுத்தது லேப்டாப். கோவையில் ஒரு நண்பர் விசிடிஎஸ் கேபிள் வைத்திருக்கிறார்; வண்டியின் கணினியை லேப்டாப்பில் படிக்க உதவுவது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளுக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. ஒரு வண்டியில் மாட்டினோம். ஒரு ஃபால்ட் (பழுதுப் பதிவு) கூட இல்லை, அத்தனை சுத்தம். புரோக்கர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. நண்பர் ரெடினெஸ் பக்கத்தைத் திறந்தார். எஞ்சின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சோதனைகளில் பாதி முடியவில்லை என்று காட்டியது. ஃபால்ட்டை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இவை முதலிலிருந்து தொடங்கும். முடிவதற்கு நன்றாக ஓட வேண்டும். அதாவது, நாங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் யாரோ அழித்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வண்டியின் சோதனை சாக்கெட்டில் மாட்டும் ஓபிடி புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும்.

இன்னொரு வண்டியில் மீட்டர் 58,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் யூனிட்டில் பழைய ஃபால்ட் ஒன்று அழியாமல் கிடந்தது. அது பதிவானபோது வண்டி ஓடியிருந்த தூரம் ஒரு லட்சத்துக்கு மேல். மீட்டரைத் திருப்பியவர் எல்லா யூனிட்டையும் திருப்ப மறந்துவிட்டார்.

ரீமேப், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ரீமேப் செய்த வண்டி என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அதை மறைப்பவரிடம்தான் வாங்க மாட்டேன். ஸ்டேஜ் 1 என்ற முதல்படி ரீமேப் போட்டு வருடக்கணக்கில் விரட்டிவிட்டு, விற்கும்போது கம்பெனியின் பழைய மென்பொருளான ஸ்டாக் ஃபைலை ஏற்றிவிடுவது சர்வ சாதாரணம். கழற்றி மாட்டிய கிளாம்ப்கள், புது இன்டேக் பைப், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப் நட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இவையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பொள்ளாச்சியில் ஒருவர் நாங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு ஃபைலை நீட்டினார். எப்போது ரீமேப், எந்த கிளட்ச், எத்தனை கிலோமீட்டரில் என்ன ஆயில், எல்லாவற்றுக்கும் பில். மார்க்கெட் விலையைவிட அதிகம் கேட்டார். நண்பர் பேரம் பேசாமல் வாங்கினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வேகனின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) தேடுபவர்கள் கவனிக்க: 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பது டிகியூ200 என்ற, ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. 2013-ல் ஃபோக்ஸ்வேகன் பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இந்தப் பெட்டியில் செயற்கை ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. நெரிசலில் ஊர்ந்தே ஓடிய வண்டியென்றால் கிளட்ச் நிறைய உழைத்திருக்கும். லேசான ஏற்றத்தில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை விட்டுப் பாருங்கள், உதறல் கூடாது. நன்றாகச் சூடானபின் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள்; தயங்கக் கூடாது. டயலில் கியர் எழுத்து மின்னினால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். கியர் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட்டை மாற்றும் செலவு மலிவாக வாங்கிய சந்தோஷத்தை விழுங்கிவிடும்.

சென்னை வண்டியென்றால் வெள்ளத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எல்லாம் புதுசாக, வாசனையாக இருந்த ஒரு காரில் நண்பர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பாக ஒரு நீர்க்கோடு. ஸ்டெப்னியைத் தூக்கினால் மூலையில் வண்டல். சீட் கவரை மாற்றியவர்கள் பெல்ட்டை மாற்றவில்லை. அப்படியொரு வண்டியில் எலக்ட்ரிக்கல் தொல்லை எப்போது, எங்கே தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் ராத்திரி நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது விளக்கு அணைந்தால் என்ன ஆகும்? இது காசு விஷயமே இல்லை.

காகிதத்தில் அதிகம் சொல்ல எதுவுமில்லை, ஆனால் விடக் கூடாது. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், பைனான்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். பைனான்ஸ் இருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைச் சான்று), கடன் முடிந்ததைப் பதிவில் நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அந்த வயதை நெருங்கும் வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. வேறு மாநிலத்துக்கு மாற்றுவதற்கான படிவம் 28, மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் கூட்டினால் மலிவு கரைந்துவிடும்.

இவ்வளவும் தேறிய பிறகு சாவியை வாங்குங்கள். நான்காவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுக்க மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. திரும்பி வந்து இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை கொடுத்துவிட்டு சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது: டர்போ சீலோ, வால்வ் சீலோ, பிஸ்டன் ரிங்கோ, மெக்கானிக்கிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். டயர்களின் நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள். 1319 என்றால் 2019-ன் 13-வது வாரம். இந்த வேகத்துக்கு ஆறேழு வருடப் பழைய ரப்பர் ஆகாது, பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும்.

கையில் ஐந்து லட்சம் இருந்தால் மூன்றரைக்கு வண்டி பாருங்கள். மீதியில் முதல் மாதமே டயர், பிரேக், எல்லா ஆயிலும் போய்விடும்.