செகண்ட் ஹேண்ட் ஃபயர்வால், பாஸ்வேர்ட் தெரியல: உள்ள போயி பாக்கலாமா, அப்டியே அழிச்சிடணுமா?

தோட்டப்பாளையம் தம்பி:
அண்ணன்களுக்கு வணக்கம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல ஒரு லாட்ஜுக்கு நெட்வொர்க் போட்டுத் தரேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி யூனிட்ட மூடினப்போ சாமான மொத்தமா எடுத்த பழைய சாமான் கடையில ஃபோர்டிகேட் 61ஈன்னு ஒரு ஃபயர்வால், அதான் நெட்வொர்க் வாசல்ல காவல் நிக்கற பொட்டி, அடாப்டரோட கெடச்சுது. பாஸ்வேர்ட் கடைக்காரருக்கும் தெரியல. கன்சோல் கேபிள் போட்டு லேப்டாப்ல புட்டி (PuTTY) சாஃப்ட்வேர்ல ஸ்பீட் 9600 வெச்சுப் பாத்தா நல்லாவே பூட் ஆவுது, கடைசில லாகின் கேக்கற எடத்துல அந்த கம்பெனி பேரும் யூனிட்-2ன்னும் போட்டு நிக்குது. அட்மின்னு அடிச்சு பாஸ்வேர்ட காலியா விட்டுப் பாத்தேன், ஒத்துக்கல. எப்டி ரீசெட் பண்றது?

காட்பாடி கேபிள்:
இது ஒரு மேட்டரே இல்ல தம்பி. அந்த பொட்டில ஓடற சாஃப்ட்வேர் ஃபோர்டிஓஎஸ், அதோட பழைய வெர்ஷன்ல மெயின்டெய்னர்னு (maintainer) ஒரு யூசர் இருக்கும். பவர புடுங்கி திரும்ப போடு, ரீபூட் எல்லாம் செல்லாது, புடுங்கித்தான் போடணும். லாகின் வந்த ஒடனே யூசர் மெயின்டெய்னர், பாஸ்வேர்ட் வந்து bcpb, நாலும் சின்ன எழுத்துல, அதோட ஒட்டி பொட்டிக்கு அடியில இருக்கற சீரியல் நம்பர், அதுல வர்ற எழுத்தெல்லாம் பெருசுல. டைம் ஒரு நிமிஷத்துக்கு மேல கெடையாது, சில வெர்ஷன்ல அதுவும் இல்ல, அதனால நோட்பேட்ல அடிச்சு வெச்சுக்கிட்டு பேஸ்ட் பண்ணு. உள்ள போனதும் அட்மின் பாஸ்வேர்ட மாத்திட்டு அட்மினா வா. ஆனா அவசரப்பட்டு ரீசெட் பண்ணாத! மொத்த கான்ஃபிகையும், அதாவது செட்டிங் எல்லாத்தையும், பேக்கப் எடுத்துக்கோ. எத விடணும் எத தடுக்கணும்னு நெஜ கம்பெனி பாலிசி எப்டி எழுதிருக்கான், ரெண்டு எடத்த இன்டர்நெட்ல ரகசியமா இணைக்கற விபிஎன் எப்டி கட்டிருக்கான்னு எந்த கோர்ஸ்லயும் சொல்லித் தர மாட்டான்.

ஆம்பூர் அட்மின்:
தயவுசெஞ்சு அத பண்ணாத தம்பி. நான் இதே லைன்ல, தோல் கம்பெனில ஐடி பாக்கறவன். பொட்டி உன்னுது, அதுக்குள்ள இருக்கறது உன்னுது இல்ல. யூனிட்-2ன்னு பேரு வருதுன்னா யூனிட்-1 எங்கயோ ஓடிட்டிருக்கலாம், ரெண்டுக்கும் நடுவுல விபிஎன் டன்னல் இருந்திருக்கும், அதோட சாவி அந்த கான்ஃபிக்லயே இருக்கும். கம்பெனி லாகின் சர்வரோட (டொமைன்) பேச வெச்ச அக்கவுண்ட் பாஸ்வேர்ட், வீட்லேந்து கனெக்ட் பண்ணவங்க யூசர் லிஸ்ட், எல்லாமே. 2023ல ஈசெட்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்காரங்க பழைய மார்க்கெட்ல ரவுட்டருங்க வாங்கி ஆராய்ச்சி பண்ணாங்க, 16 பொட்டில 9ல கம்பெனி கான்ஃபிக் முழுசா அப்டியே இருந்துச்சு. மெயின்டெய்னரா போனா அங்கேந்தே எக்ஸிக்யூட் ஃபேக்டரிரீசெட் குடுக்க முடியும். பாக்கவே வேணாம், அழிச்சிடு.

காட்பாடி கேபிள்:
பாஸ்வேர்ட் எல்லாம் கான்ஃபிக்ல என்க்ரிப்ட் ஆயித்தான சார் இருக்கு, தம்பி என்ன ஹேக்கரா? காசு குடுத்து வாங்கினவன் தன் பொட்டியத் தொறந்து பாக்கறதுல என்ன தப்பு. அழிக்காம வித்தது அந்த கம்பெனி தப்பு.

ஆம்பூர் அட்மின்:
அவங்க தப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த என்க்ரிப்ஷன நம்பாதீங்க. பழைய ஃபோர்டிஓஎஸ்ல பேக்கப் ஃபைல்ல இருக்கற பாஸ்வேர்டுங்கள மூடற சாவி எல்லா பொட்டிக்கும் ஒண்ணேதான், அது சிவிஇ 2019-6693ன்ற நம்பர்ல பாதுகாப்பு ஓட்டையா வெளிய வந்து வருஷமாச்சு. தம்பி பென்டிரைவ்ல அந்த பேக்கப் கெடந்து, பென்டிரைவ் நாலு கடைக்குப் போயி வந்தா, யாரு பொறுப்பு? எங்க ஏரியாவுல பாதி வீட்டுக்கு சம்பளம் ஷூ கம்பெனிலேந்துதான் வருது, நாளைக்கு பையர் பேமென்ட்ல எவனாவது பூந்து கை வெச்சா அடி வாங்கறது லைன்ல ஒக்காந்து தைக்கற பொம்பளைங்க. எனக்கு இது வெறும் டெக்னிக்கல் பேச்சு கெடையாது.

லாங் பஜார்:
இன்னாபா இதுக்குப் போயி இம்மாம் பேச்சு. பூட் ஆவும்போதே எதுனா ஒரு கீய அமுக்கு, மெனு வரும். எஃப் அமுக்குனா ஃபார்மட் ஆயிடும், அப்பால டி, சில மாடல்ல ஜி, அத அமுக்கி டிஎஃப்டிபில, அதான் லேப்டாப்லேந்து கேபிள் வழியா ஃபைல் அனுப்பற முறையில, புது ஃபர்ம்வேர் (பொட்டிய ஓட்டற சாஃப்ட்வேர்) ஏத்து. எவன் கான்ஃபிக்கையும் பாக்க வாணாம், எந்த பாஸ்வேர்டும் வாணாம், சுத்தமா பூடும்.

ஆம்பூர் அட்மின்:
அண்ணே முறை சரிதான், ஆனா தம்பி கையில ஃபர்ம்வேர் ஃபைல் இருக்குதான்னு கேக்காம எஃப் அமுக்க சொல்லாதீங்க. சப்போர்ட் அக்கவுண்ட் இல்லாம அந்த ஃபைல் கெடைக்காது. ஃபார்மட் பண்ணிட்டு ஏத்த ஒண்ணும் இல்லன்னா பொட்டி செங்கல்லுதான். எவனோ டிரைவ்ல போட்டு வெச்ச ஃபைல எடுத்து ஃபயர்வால்ல ஏத்தறதும் வேணாம். மெயின்டெய்னர் வேல செய்யலன்னா, அதாவது 7.2.4ல இருந்து அந்த யூசரையே எடுத்துட்டாங்க, இல்ல பழைய அட்மினே அத ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாம், அப்பதான் டிஎஃப்டிபி வழி. இன்னொண்ணு, 61ஈ உள்ள 128 ஜிபி எஸ்எஸ்டி இருக்கு, லாக் எல்லாம் அதுலதான். ஃபேக்டரிரீசெட் அத தொடாது. ரீசெட் ஆனதும் எக்ஸிக்யூட் ஃபார்மட்லாக்டிஸ்க் தனியா குடுக்கணும்.

தோட்டப்பாளையம் தம்பி:
மெயின்டெய்னரா உள்ள போயிட்டேன் அண்ணா. எதையும் பாக்கல, நேரா ஃபேக்டரிரீசெட் குடுத்தேன், லாக் டிஸ்க்கும் ஃபார்மட் பண்ணிட்டேன். கம்பெனி பேரு போயி 192.168.1.99ல பேஜ் தொறக்குது, அட்மினுக்கு பாஸ்வேர்ட் காலி. வெர்ஷன் 6.0.4ன்னு காட்டுது. லாட்ஜ்ல மாட்டிடலாமா?

பாகாயம் வாசி:
மாட்டக் கூடாது. நான் அந்தத் தெருவுல தெனம் நடக்கறவன். அந்த லாட்ஜுங்கள்ல தங்கறது யாரு, கல்கத்தாவுலேந்தும் ஜார்க்கண்ட்லேந்தும் வைத்தியத்துக்கு வந்து மாசக்கணக்குல இருக்கறவங்க, ஊர்ல நெலத்த வித்த காசு போன்லதான் வரும், அந்த வைஃபைலதான் பேங்க் ஆப்ப தொறப்பாங்க. 6.0.4ன்றது சிவிஇ 2018-13379ன்ற ஓட்டை இருக்கற வெர்ஷன். அந்த ஓட்டையில எடுத்த யூசர் பாஸ்வேர்ட 2021 செப்டம்பர்ல மொத்தமா வெளிய போட்டாங்க, சுமார் 87,000 பொட்டிங்களோடது. லைசென்ஸ் இல்லாம நீ இத எப்டி அப்டேட் பண்ணுவ?

காட்பாடி கேபிள்:
அந்த ஓட்டை வெளியிலேந்து கனெக்ட் பண்ற எஸ்எஸ்எல் விபிஎன்ல சார். லாட்ஜுக்கு எதுக்கு விபிஎன்? அத தொறக்காத, வான் (WAN) பக்கம், அதான் இன்டர்நெட் வர்ற பக்கம், அட்மின் பேஜ், பிங் எல்லாத்தையும் மூடு, ரூமுக்கு ரூம் பேசாம நெட்வொர்க்க தனித்தனியா விஎல்ஏஎன்னா பிரி. ஐஎஸ்பி குடுக்கற அந்த பிளாஸ்டிக் ரவுட்டர விட இது எவ்ளோ மேல்.

பாகாயம் வாசி:
இன்னிக்கு மூடலாம். நாளைக்கு தம்பி வேற வேலைக்கு சென்னை போயிடுவான், லாட்ஜ் மேனேஜர் சிசிடிவிய வீட்லேந்து பாக்கணும்னு வேற எவனையாவது கூப்ட்டு வான் போர்ட்ட தொறப்பாரு. வெளிப்பக்கம் நிக்கற பொட்டிக்கு அப்டேட் வரணும், அது இல்லாதத வாசல்ல நிறுத்தாத. தம்பி, இத வீட்ல வெச்சு கத்துக்கோ. லாட்ஜுக்கு ரெண்டு லேன் போர்ட் இருக்கற பழைய கம்ப்யூட்டர்ல ஓபிஎன்சென்ஸ்னு (OPNsense) இலவச ஃபயர்வால் சாஃப்ட்வேர் போடு, அப்டேட் காசில்லாம வரும்.

ஆம்பூர் அட்மின்:
அந்த கம்பெனிக்கு ஒரு போன் போடு தம்பி. பேரு உனக்கு தெரியும் இல்ல? உங்க பொட்டி ஒண்ணு என் கையில வந்துச்சு, அழிச்சிட்டேன், டன்னல் சாவிய மாத்திடுங்கன்னு சொல்லு. பொட்டி இன்னும் அவங்க அக்கவுண்ட்லதான் ரெஜிஸ்டர் ஆயிருக்கும், பின்னாடி லைசென்ஸ் வாங்கறதுன்னாலும் அவங்க விட்டுக் குடுத்தாதான் முடியும்.

தோட்டப்பாளையம் தம்பி:
கூப்ட்டேன் அண்ணா. மொதல்ல ரிசப்ஷன்ல புரியல, அப்புறம் ஐடி சார்கிட்ட குடுத்தாங்க. யூனிட்-1 ஓடிட்டுத்தான் இருக்குதாம். யூனிட்-2க்கு கட்டின டன்னல் அவங்க பக்கம் இன்னும் எடுக்கவே இல்லியாம், நான் சொன்னப்புறம்தான் பாத்தாரு, இப்பவே எடுத்துடறேன்னாரு. பில் நம்பர் அனுப்ப சொன்னாரு, ரெஜிஸ்ட்ரேஷன ரிலீஸ் பண்ணித் தராராம். லாட்ஜுக்கு ஓபிஎன்சென்ஸ்தான் போடப் போறேன்.

காட்பாடி கேபிள்:
டன்னல் இன்னும் இருந்துச்சா... அப்போ போன் போட்டது நல்லதாச்சு, பேக்கப் எடுக்க சொன்னத நான் இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். லாட்ஜ் விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஓபிஎன்சென்ஸுக்கும் அப்டேட் பட்டன அமுக்க ஒரு ஆள் வேணும், அந்த மேனேஜர் அமுக்குவாரா?