வீட்லயே அலைனர் போட்டு பல்ல நேராக்கலாமா?

கேள்வி: முன்பல் ரெண்டு லேசா ஏறி நிக்குது, வீட்லயே அச்சு எடுத்து அனுப்புனா அலைனர் (பல்லு மேல மாட்டி நேராக்குற பிளாஸ்டிக் உறை) வந்துரும்னு சொல்றாங்க, செலவும் கம்மி. போகலாமா?

பதில்: வேணாங்க. நான் போட்டேன், முன்னாடி நேரா வந்துச்சு ஆனா கடவாய்ப்பல் மேலயும் கீழயும் சேரவே இல்ல, மாசக்கணக்கா ஒரு பக்கமாவே மென்னுட்டு கடைசில பல்வரிசை சரி பண்ற டாக்டர், அதான் ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்டதான் போய் நின்னேன்.

பதில்: பல்லு நகரணும்னா வேர சுத்தி எலும்பு ஒரு பக்கம் கரைஞ்சு மறுபக்கம் வளரணும். ஈறு நோய் இருக்குறது தெரியாம தள்ளுனா பல்லே ஆட ஆரம்பிச்சிரும், எக்ஸ்ரே எடுக்காம எலும்பு எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

பதில்: இப்படி வீட்டுக்கே அலைனர் அனுப்புன ஸ்மைல்டைரக்ட்கிளப் கம்பெனி 2023 டிசம்பர்ல மூடினப்ப பாதில இருந்தவங்க கதி என்னாச்சு? முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, லேசான கோணல்னா அவங்களே அலைனர் தருவாங்க. முடிஞ்சப்புறம் பல்ல நகராம பிடிச்சு வைக்கிற ரீடெய்னர மட்டும் விட்றாதீங்க, பல்லு பழைய இடத்துக்கே போகப் பாக்கும்.