மகாச்சாயில் ஊழியம்: எங்கிருந்து தொடங்குவது?

ரங்கூன் வாலிபன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே தமிழ்ச் சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். தாய்லாந்து மகாச்சாயில் மீன், இறால் ஆலைகளில் வேலை செய்கிற நம் பர்மாக்காரர்கள் நடுவில் சபை நாட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பாரம். பர்மிய மொழி சரளமாக வரும், தாய்லாந்து மொழி தெரியாது. வழி சொல்லுங்கள்.

மோல்மீன் அண்ணன்:
தம்பி, முதலில் அங்கே ஏற்கெனவே கூடுகிற பர்மிய விசுவாசிகளையும், பர்மாவின் இன்னொரு இனத்தாரான கரேன் விசுவாசிகளையும் தேடிப் பிடி. பக்கத்துத் தெருவில் கூடுகிறவர்களை இழுத்துச் சேர்ப்பது சபை நாட்டுவது ஆகாது. அப்புறம், இறால் உரித்து விரலெல்லாம் புண்ணாகி ஷிப்ட் முடிந்து வருகிறவனை உட்கார வைத்து நீளமாகப் பிரசங்கம் பண்ணாதே, ஆஸ்பத்திரிக்கு அவனோடு கூடப் போ. அங்கே பேசுவதற்காகவாவது தாய்லாந்து மொழி கற்றுக்கொள்.

தட்டோன் அக்கா:
அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல்தான். வேதாகம மொழிபெயர்ப்பை முடிக்க 1834 ஆனது. அதனால் உன்னை அனுப்புகிற சபையிடம் இப்போதே தெளிவாகப் பேசிவிடு தம்பி, ஆறு மாதத்தில் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டால் நீ உடைந்துபோவாய். 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகளை பர்மா அரசு வெளியேற்றிய பிறகும் இங்கே சபைகள் நின்றன, பொறுப்பு உள்ளூர்க்காரர் கையில் இருந்தது. நீயும் அங்கிருப்பவர்களிலேயே மூப்பர்களை வளர்த்துவிடு.

எல்லைக்காரன்:
சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யாதே தம்பி. மாட்டினால் உனக்கு மட்டுமல்ல, சரியான காகிதம் இல்லாமல் உன்னோடு ஜெபிக்க வருகிறவர்களுக்கும் ஆபத்து.