ஜீரோ பார்த்தேன், பைப்பைப் பார்க்கவில்லை

வைகைக்கரையான்

பில்லில் "எம்எஸ்" என்று இருந்தது. எம்எஸ் என்றால் மோட்டார் ஸ்பிரிட், அதாவது பெட்ரோல். டீசலாக இருந்தால் எச்எஸ்டி என்று வரும். முப்பத்தெட்டு வயது வரை எனக்கு இது தெரியாது.

டீசல் ஸ்விஃப்ட், 2016 மாடல். திருச்சியில் அக்கா வீட்டுப் பால்காய்ச்சு முடிந்து மதுரை திரும்புகிறோம். இரவு பத்தரை. பின்சீட்டில் அம்மா, மடியில் மிச்சப் பலகாரத் தூக்கு. வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தி "ரெண்டாயிரத்துக்கு" என்றேன். டீசல் என்று சொன்னேனா? சத்தியமாக நினைவில்லை. மூடியில் டீசல் என்று ஸ்டிக்கர் இருக்கிறது, போதாதா என்ற நினைப்பு. பையன் "ஜீரோ பாருங்க சார்" என்றான். பார்த்தேன். பங்க்கில் ஜீரோ பார்க்க வேண்டும் என்று அப்பா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தது. எந்தப் பைப்பை எடுக்கிறான் என்று பார்க்க அவரும் சொல்லவில்லை.

நாலு கிலோமீட்டர் போயிருப்போம். மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. நாலுவழிச்சாலை ஓரத்தில், இருட்டில் நிற்கிறோம். அம்மா பின்னாலிருந்து, "பெட்ரோல் தீந்துபோச்சாடா?" என்றார். அம்மாவுக்கு எல்லா வண்டியும் பெட்ரோல்தான். "இப்பத்தானம்மா போட்டோம்" என்று சொல்லி, நிரூபிக்கிற மாதிரி பில்லை எடுத்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். லிட்டர் நூற்றியொன்று சொச்சம் என்று போட்டிருந்தது. டீசல் எப்போது நூறைத் தாண்டியது என்று ஒரு நிமிடம் அரசாங்கத்தைத் திட்டினேன். அதற்கப்புறம்தான் உறைத்தது.

பம்பு, நாலு இன்ஜெக்டர், ஃபில்டர், டேங்க் இறக்கிக் கழுவியது எல்லாம் சேர்த்து எழுபத்து நாலாயிரம். மறுநாள் பங்க்குக்குப் போனேன். ஓனர் கேமரா பதிவைப் பார்த்தார், சண்டை எதுவும் போடாமல் பதினைந்தாயிரம் கொடுத்தார். வெளியே வரும்போது அந்தப் பையன் பின்னாலேயே வந்து, "சார், என் பேர சொல்லாம இருந்திருக்கலாம்ல சார்" என்றான். பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். அந்தப் பதினைந்தாயிரம் யார் பையிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.


கோவை மீனாட்சி

எனக்கு நேர் எதிர். எங்களுடையது இன்னோவா ஹைகிராஸ், பெட்ரோல் ஹைபிரிட். டீசலே அதில் கிடையாது. பின்னால் இன்னோவா என்று எழுதியிருந்தால் போதும், பங்க்கில் யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை, கை தானாக டீசலுக்குப் போகிறது. பதினைந்து இருபது வருடப் பழக்கம், அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஒருநாள் மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற அவசரம். கண்ணாடி வழியே பார்க்கிறேன், அந்த அண்ணன் பைப்பை டேங்க் வாயில் வைத்துத் திருகிக்கொண்டிருக்கிறார். டீசல் பைப் தடிமன், பெட்ரோல் டேங்க் வாய்க்குள் போகாது. போகவில்லையே என்று அவர் யோசிக்கவில்லை. சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் முட்டுக்கொடுத்து அழுத்தவே ஆரம்பித்துவிட்டார். நான் கதவைத் திறந்து கத்திக்கொண்டே இறங்க, என் சேலை முந்தி முழுக்க டீசல். "இன்னோவான்னா டீசல்தானுங்களே மேடம்" என்றார், நான்தான் ஏமாற்றிவிட்ட மாதிரி. உள்ளே அரை டம்ளர் போயிருக்கலாம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் அந்த வாடையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டு "எங்கயோ டீசல் லீக் ஆகுது பாருங்க" என்று சொல்கிறார்.


ஒர்க்‌ஷாப் செல்வம்

என்னுடைய கதை சின்னது. கற்றுக்கொண்டிருந்த காலத்தில் கஸ்டமர் டாடா சுமோவில் நானே பெட்ரோல் ஊற்றி, மாஸ்டரிடம் ஸ்பேனரால் அடி வாங்கினேன். அவ்வளவுதான்.

ஆனால் வைகைக்கரையான் சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். நாலு கிலோமீட்டர் ஏன் ஓட்டினீர்கள்? வண்டி மாறுதலாக ஓடுகிற முதல் நிமிடத்திலேயே அணைத்திருந்தால் எழுபத்து நாலாயிரம் ஆகியிருக்காது. டேங்க் கழுவி, ஃபில்டர் மாற்றி, ஐந்தாறாயிரத்தோடு போயிருக்கும்.

காரணம் இது. டீசலில் ஒரு வழவழப்பு உண்டு, கையில் தொட்டால் தெரியும். டீசல் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசல்தான் அதற்கு ஆயில். பெட்ரோல் வறண்ட சரக்கு, இருக்கிற வழவழப்பையும் கரைத்துவிடும். இன்றைய டீசல் கார்களில் இருக்கிற காமன் ரெயில் பம்பு ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கிறது. உங்கள் கார் டயரில் இருப்பது ரெண்டு சொச்சம் பார்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் இரும்போடு இரும்பு உரசினால் பொடி கிளம்பும். அந்தப் பொடி ரெயிலுக்குள், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் பிரிகிற பொதுக் குழாய்க்குள் போய், டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டரின் முடி அளவு துளையில் உட்காரும். நீங்கள் கேட்ட கூழாங்கல் சத்தம் வேறு. டீசல் இன்ஜினில் பெட்ரோல் பற்றவேண்டிய நேரத்தில் பற்றாமல் தாமதித்து மொத்தமாக வெடிக்கிற சத்தம் அது.

மாற்றி ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். நிறைய வண்டிகளில் சாவி ஆன் செய்ததுமே டேங்க்குக்குள் இருக்கிற மோட்டார் ஓடி லைனில் ஏற்றிவிடும். நியூட்ரலில் போட்டு பங்க்கிலேயே ஓரமாகத் தள்ளுங்கள். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். மெக்கானிக்கை அங்கே வரச்சொல்லுங்கள். டேங்க்கில் உறிஞ்சி எடுத்ததை "வீட்டு ஜெனரேட்டருக்கு ஆகும்" என்று கேனில் பிடித்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் கலந்த டீசல் பெட்ரோல் மாதிரியே குபீரென்று பிடிக்கும். பெட்ரோல் வண்டியில் டீசல் போனால் இவ்வளவு பயமில்லை. பிளக் கரி பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும், நிற்கும். கழுவினால் சரியாகிவிடும். மறுபடியும் சொல்கிறேன், சாவி போடாதீர்கள்.


தஞ்சாவூர் பெரியவர்

செல்வம் தம்பி ரொம்ப பயமுறுத்துகிறார். எங்கள் அப்பா வைத்திருந்த டீசல் அம்பாசடரில் மூன்று லிட்டர் பெட்ரோல் கலந்துபோய், மேலே டீசலை நிரப்பி கும்பகோணம் போய்வந்தோம். கொஞ்சம் கத்தியது, அவ்வளவுதான்.

நான் எழுத வந்தது டீசல் புல்லட்டைப் பற்றி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், என்ஃபீல்டில் டீசல் புல்லட் இருந்தது. டாரஸ் என்று பெயர், 325 சிசி. அறுபதைத் தாண்டி ஓட்டினால் கை மரத்துப்போகும். ஆனால் லிட்டருக்கு எழுபது குறையாமல் கொடுக்கும். நெல் வியாபாரத்துக்கு அதில்தான் சுற்றினேன். அன்றைக்குப் பங்க்கில் "பைக்குக்கு எதுக்கு டீசல்?" என்று சிரிக்காத ஆளில்லை. ஒரு தடவை பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் டேங்க் முட்டப் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். ஸ்டார்ட் செய்யவில்லை, வாடையிலேயே தெரிந்துவிட்டது. உறிஞ்ச டியூப் கிடைக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து அந்தக் கனத்த வண்டியைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்தோம், ஒரு ஆள் அடியில் குடத்தை வைத்துப் பிடித்தான். அது பங்க்காரர் வீட்டுப் பித்தளைக் குடம். அவர் மனைவி வந்து அதைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கலியாணச் சீராம்.


ஒர்க்‌ஷாப் செல்வம்

ஐயா, அம்பாசடர் வேறு, இன்றைய வண்டி வேறு. அந்தப் பழைய பம்பின் அழுத்தம் இதில் பத்தில் ஒரு பங்குதான். அப்பா செய்ததை யாராவது படித்துவிட்டு இன்றைக்கு கிரெட்டாவில் செய்தால் அவ்வளவுதான். தயவுசெய்து "ஒன்றும் ஆகாது" என்று எழுதாதீர்கள்.


சங்ககிரி லாரி

பெட்ரோல் டீசல் கதையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2020 ஏப்ரலுக்கு மேல் பிஎஸ் ஆறு என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வண்டி வந்ததிலிருந்து எங்களுக்கு மூன்றாவதாக ஒரு எமன் வந்து சேர்ந்தான். யூரியாத் தண்ணி. நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு யூரியா, மிச்சம் சுத்தத் தண்ணி. புகையைச் சுத்தம் பண்ண சைலன்ஸர் பக்கம் போகிற சரக்கு அது. அதற்குத் தனி டேங்க், நீல மூடி.

சோலாப்பூரில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். நான் கேபினில் தூக்கம். கிளீனர் பையன் புதுசு, நல்ல சுறுசுறுப்பு. ஒரு தாபாவில் நிறுத்தினபோது, நான் சொல்லாமலேயே இருபது லிட்டர் கேனைத் தூக்கி ஊற்றியிருக்கிறான். எழுப்பி, "ஏனுங்ணா, யூரியா டேங்க் நம்புளுது ரொம்பப் பெருசுங்ளா? முழுக் கேனும் எறங்கிருச்சுங்ணா" என்கிறான், முகம் முழுக்கப் பெருமை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் யூரியா டேங்க்கில் அன்றைக்கு ஐந்து லிட்டருக்குக்கூட இடமில்லை.

நல்லவேளை, ஸ்டார்ட் பண்ணவில்லை. யூரியாத் தண்ணி டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால் டேங்க்கின் அடிப் பிளக்கைக் கழற்றினேன். முதலில் பச்சைத் தண்ணியாகவே வந்தது. ரொம்ப நேரம் கழித்து, வெள்ளைக்குள் மஞ்சள் நூல் விட்டாற்போல டீசல் ஓட ஆரம்பித்தது. கையைத் துடைக்காமல் விட்டேன், கால்மணி நேரத்தில் விரலிடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. இதேதான் இன்ஜெக்டருக்குள்ளும் பூக்கும். அப்புறமும் டேங்க்கை இறக்கிக் கழுவித்தான் வண்டியை எடுத்தேன். ரெண்டு நாள் நின்றதில் வெங்காயம் நாற ஆரம்பித்துவிட்டது. பையனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அடுத்த தடவை சொல்லியிருக்கமாட்டான்.


யாழ்ப்பாணத்தான்

நீங்கள் எல்லோரும் பிழையாக ஊற்றினீர்கள். நாங்கள் தெரிந்தே ஊற்றி வருடக்கணக்காக ஓடினோம். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. மோட்டார் சைக்கிள், பழைய ஒஸ்ரின் கார், எல்லாம் மண்ணெண்ணெயில்தான். எஞ்சின் சூடானால் மண்ணெண்ணெய் எரியும், குளிராக இருந்தால் பிடிக்காது. அதனால் எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு சின்னச் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபரேட்டருக்குள் ரெண்டு அமுக்கு, பிறகு உதை. ஒரு போத்தல் பெற்றோல் தங்கம் மாதிரி.

அக்காவைப் பிரசவத்துக்கு இரவில் ஏற்றிக்கொண்டு போகிறோம், சித்தப்பா ஓட்டுகிறார். இடையில் நின்றுபோய், எஞ்சின் ஆறிவிட்டது. சூப்பியை அமுக்கினால் காற்றுத்தான் வருகுது. எதிரே ஒரு மனுசன் சைக்கிள் லைட் அளவு வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, தன்னுடைய சூப்பியை எடுத்து எங்கடை காபரேட்டருக்குள் மூன்று அமுக்கு. பிடித்தது. திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. பிறந்த பிள்ளை இப்போது கனடாவில் மின்சாரக் கார் ஓடுகிறாள்.


லண்டன் குமரேசன்

இங்கே பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். நாமே ஊற்றவேண்டும், கை பழகிவிட்டது. அமெரிக்கா போனேன், வாடகைக் கார், பச்சையைப் பிடித்தேன். அங்கே பெரும்பாலும் பச்சைதான் டீசல். மீனாட்சி சொன்ன அதே முட்டல் காப்பாற்றியது. ஐந்து நிமிடம் டேங்க் வாயைக் குறை சொல்லிக்கொண்டு நின்றேன்.


பாலிசி பாஸ்கர்

இன்சூரன்ஸ் பற்றி யாரும் எழுதவில்லையே. சாதாரண பாலிசியில், விபத்து இல்லாமல் உள்ளே ஏற்படுகிற இயந்திரக் கோளாறுக்கு இழப்பீடு வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு விற்கிறார்கள். அதில்கூடத் தவறான எரிபொருள் சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பில்லை மட்டும் தொலைக்காதீர்கள். வைகைக்கரையான் பங்க்கில் வாங்கியது போதாது, நுகர்வோர் நீதிமன்றம் போயிருந்தால் முழுத்தொகைக்கே வழக்காடியிருக்கலாம். கையில் பில், அவரிடம் கேமரா. இதைவிட என்ன வேண்டும்?


கோவை மீனாட்சி

பாஸ்கர் சார், அவர் எழுதினதை முழுசாகப் படித்தீர்களா? அவர் பணத்தைப் பற்றியா கேட்டார்? அந்தப் பையன் என்ன ஆனான், வைகைக்கரையான்?


வைகைக்கரையான்

செல்வம், நாலு கிலோமீட்டர் ஏன் என்றால், முதல் மூன்று கிலோமீட்டர் வண்டி நன்றாகத்தான் ஓடியது. லைனில் இருந்த பழைய டீசல் தீரும்வரை தெரியாது போல.

மீனாட்சி, போன மாதம் அதே பங்க்கில் நிறுத்தினேன். பைப் பக்கம் வேறு ஆள். அவன் ஓரமாகக் காற்றுப் பிடிக்கிற இடத்தில் நின்றான். வண்டியைத் தெரிந்துகொண்டான், சிரிக்கவில்லை. நாலு டயரையும் குனிந்து பார்த்து, "முப்பத்திமூணு இருக்கு சார், சரியாத்தான் இருக்கு" என்றான். இருபது ரூபாய் நீட்டினேன். "காத்துக்குக் காசு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.