அவலாஞ்சி பாறை மேடு பனியாறு விட்டுப்போனதா?

குந்தா_மண்: அவலாஞ்சி ஏரிக்கு மேலே, சரிவின் அடியில் மண்ணும் உருண்டைப் பாறைகளும் கலந்த நீளமான மேடு ஒன்று. இது பழைய பனியாறு தள்ளிவிட்ட மொரைனா, மண்சரிவா? பார்த்தே பிரிக்க முடியுமா?

சார்னகைட்: பனியாற்றை விட்டுவிடுங்கள். கடைசிப் பனியுகத்திலும் நீலகிரியில் பனியாறு கிடையாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அவலாஞ்சி என்ற பெயரும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நடந்த பெரிய நிலச்சரிவால் வந்தது, பனிச்சரிவால் அல்ல.

உருண்டை வடிவம் எதையும் நிரூபிக்காது. நீலகிரியின் கடினப் பாறையான சார்னகைட்டின் விரிசல்களில் நீர் இறங்கி மூலைகள் மட்கும். நடுவில் உருண்டை மிஞ்சும். அது இருந்த இடத்திலேயே மட்கியதா, சரிந்து வந்ததா என்பதே கேள்வி. அரை மீட்டர் வெட்டிப் பாருங்கள். கல்லில் உள்ள பட்டையும் விரிசலும் சுற்றியுள்ள மண்ணிலும் தொடர்ந்தால் நகரவில்லை. கற்கள் கண்டபடி திரும்பிக் கிடந்து, அடியில் பழைய கறுப்பு மேல்மண் புதைந்திருந்தால் சரிவு மேடுதான்.

பனிமேடு: பனியாறு உள்ள நாடுகளிலேயே இந்தக் குழப்பம் பெரிது. பனிக்கட்டி மேல் தூசு ஓரிரு சென்டிமீட்டருக்குள் படிந்தால் வெயிலை உறிஞ்சி வேகமாக உருக்கும். அதைவிடத் தடித்தால் போர்வையாகிவிடும். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தில் ஷெர்மன் பனியாற்றின் மேல் 8 சதுர கிலோமீட்டருக்குப் பாறை பரவியது, சராசரி 1-2 மீட்டர் தடிப்பு. அடியில் உருகல் ஏறக்குறைய நின்றது.

இப்படி உருகல் குறைந்த பனியாறு, பருவநிலை மாறாமலேயே முன்னேறி மொரைன் கட்டலாம். அதன் வயதைக் கணித்து 'அப்போது குளிர் கூடியது' என்று எழுதினால் முழுக்கத் தவறு. நியூசிலாந்தின் வைஹோ வளைமேட்டில் இந்தச் சர்ச்சைதான்: அங்குள்ள மற்ற மொரைன்களில் ஷிஸ்ட் எனும் தகடுதகடான கற்கள்; இதில் பெரும்பாலும் கூர்முனை மணற்கல். பாறைச்சரிவே காரணம் என்று 2008இல் ஒரு குழு வாதிட்டது, எல்லோரும் ஏற்கவில்லை. அங்கே கல்வகையை எண்ணலாம். நீலகிரியில் ஏறக்குறைய எங்கும் சார்னகைட் என்பதால் அது உதவாது.

கேத்தி_சரிவு: பாரம் எதிர்மாறாகவும் வேலை செய்யும். 2025 மே 28 அன்று சுவிட்சர்லாந்தின் பிர்ச் பனியாறு, மேலே விழுந்து குவிந்த பாறையின் எடை தாங்காமல் இடிந்து பிளாட்டன் கிராமத்தை மூடியது. ஊரை முன்பே காலி செய்திருந்தார்கள்.

குந்தா_மண், சோதனைக் குழியை மேட்டின் உச்சியில் எடுங்கள். அடிவாரத்தை வெட்டாதீர்கள், அந்த எடைதான் மேல் சரிவைத் தாங்கி நிற்கிறது. மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். குழியை அன்றே மூடிவிடுங்கள், நீர் தேங்கக் கூடாது.